ஒற்றை ஆள் வண்டி

நூலண்ணனின் உண்மைப் பெயர் பட்டறையின் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. ஒரு அங்குலத்தை எட்டாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குக்கு நூல் என்று பட்டறையில் பெயர். மற்ற கடைசல்காரர்கள் ‘ஒரு நூல் முன்னபின்ன இருந்தா என்ன, பெயின்ட் அடிச்சா மறைஞ்சுடும்’ என்று விட்டுவிடுகிற இடத்தில் இவர் விடமாட்டார். கால் நூல் பிசகினாலும் அந்த இரும்பைத் தூக்கிப் போட்டுவிட்டு இன்னொன்றை லேத்தில் மாட்டுவார். இருபது வருஷமாக அப்படித்தான். பெயரைக் கேட்டுவிட்டு, ஆள் பெண்களுக்கு நூல் விடுகிறவர் போலிருக்கிறது என்று புதிதாக வேலைக்கு வந்தவர்கள் நினைப்பதுண்டு. அந்தச் சாமர்த்தியம் அவருக்கு ஆயுளில் ஒரே ஒரு தடவைதான் வந்தது, அதிலேயே கல்யாணம் முடிந்துவிட்டது.

அந்த மனைவி இறந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஈரலில் வந்த நோய். ஒன்றரை வருஷம் படுத்த படுக்கை. மருந்து, கஞ்சி, துணி மாற்றுவது என்று எதிலும் நூலண்ணன் ஐந்து நிமிஷம் தவறியதில்லை. அவள் போன அன்றும் அப்படியே, வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. “கல்லுளிமங்கன், பாரேன்” என்று உறவில் ஒருத்தி அவர் காதுபடவே சொன்னாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஆனால் அவர் அழுகையை அடக்கிக்கொண்டிருக்கவில்லை. அடக்குவதற்கு எதுவும் வரவில்லை, அவ்வளவுதான். பல் பிடுங்க ஊசி போட்ட ஈறு மாதிரி இருந்தது. தட்டிப் பார்த்தால் அங்கே ஏதோ இருக்கிறது என்று தெரிந்தது, வலிதான் தெரியவில்லை.

வீட்டில் மிச்சம் இருந்தது அவரும் பதின்மூன்று வயது மகளும். இரண்டு அறை, ஒரு சமையலறை. அவர் சமைப்பார், அவள் பாத்திரம் கழுவுவாள். “சாப்டியா?” “சாப்டேன்.” “படிச்சியா?” “படிச்சேன்.” ஒரு நாளுக்கு இவ்வளவுதான் பேச்சு. முன்பெல்லாம் மூன்று பேரும் ஒரே வண்டியில் போவார்கள். மகள் நடுவில் மாட்டிக்கொண்டு மூச்சு முட்டுகிறது என்று கத்திக்கொண்டே வருவாள். அம்மா போனபிறகு பள்ளிக்கூடத்துக்குத் தெருப் பெண்களோடு நடந்து போக ஆரம்பித்தாள். ஒருநாள் வழியில் வண்டியை நிறுத்தி “ஏறிக்கிறியா?” என்றார். “நடந்துக்கிறேம்பா” என்றாள். இன்னொரு நாளும் கேட்டார், அதே பதில். மூன்றாவது தடவை கேட்கவில்லை.

மனைவியின் தங்கை, மகளுக்குச் சித்தி, மூன்று மணி நேரப் பயணத்தில் இன்னொரு ஊரில் இருந்தாள். நல்லவள். மனதில் பட்டதை மடியில் கட்டி வைத்துக்கொள்ளத் தெரியாதவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் செய்தாள்.

“மாமா, பரீட்சை முடிஞ்சதும் பாப்பாவை நான் கூட்டிட்டுப் போயிடட்டுமா? இங்க ஸ்கூல் பக்கத்துலதான். என் பொண்ணுகூட ஒண்ணா இருப்பா. பொம்பளைப் புள்ள, பேசறதுக்கு ஒரு ஆள் வேணாமா?”

“பார்க்கலாம்மா” என்றார் நூலண்ணன்.

“பார்க்கலாம்னா? நான் அவகிட்டயும் கேட்டுட்டேன் மாமா. அப்பா இருன்னு சொன்னா இருக்கேன், இல்லேன்னா வரேன்னு சொல்றா. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. ரெண்டுல ஒண்ணு.”

“பார்க்கலாம்.”

நம் மொழியில் இந்தப் ‘பார்க்கலாம்’ இருக்கிறதே, அது சரி என்பதற்கும் ஆகும், முடியாது என்பதற்கும் ஆகும், என்னை ஆளை விடு என்பதற்கும் ஆகும். மகள் சமையலறை வாசலில் ஒரு தட்டைத் துடைத்துக்கொண்டு நின்றாள். காய்ந்த தட்டைத்தான் துடைத்துக்கொண்டிருந்தாள். அவர் போனை வைத்ததும் உள்ளே போனாள். அவள் சித்தி வீட்டுக்குப் போவது நூலண்ணனுக்குப் பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்பது மூளைக்குத் தெரிந்தது, மூளையிலிருந்து வாய்க்கு வரும் வழியில் எங்கோ நின்றுவிட்டது.

அந்த வாரத்தில்தான் வண்டி விஷயம் ஆரம்பித்தது. வண்டி ஒன்றும் பெரிய வண்டி இல்லை. நூறு சிசி, கல்யாணமான புதிதில் மூன்றாவது கையாக வாங்கியது. பட்டறைக்குப் போகும் வழியில் ஒரு வேகத்தடை உண்டு. ஊரில் இருக்கிற கான்கிரீட் எல்லாம் மிச்சமாகி அங்கே கொட்டியதுபோல உயரம். அன்று காலை அதில் ஏறும்போது வழக்கம்போல வேகத்தைக் குறைத்து, தலையைக் கொஞ்சம் திருப்பி, “பிடிச்சுக்கோ” என்றார். சத்தமாகவே சொன்னார். பக்கத்தில் சைக்கிளில் போனவன் திரும்பிப் பார்த்தான். பின்னால் யாரும் இல்லை. ஐந்து மாதமாகத் தினமும் சொல்லிக்கொண்டுதான் போயிருக்கிறார் என்பது அப்போதுதான் அவருக்கே தெரிந்தது.

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் பட்டறைக்கு வெளியே வண்டியைச் சுற்றி வந்தார். நீளமான சீட்டின் பின்பாதியில் ஃபோம் அமுங்கி ஒரு பள்ளம் இருந்தது. டேப்பை எடுத்து அளந்தார். பிறகு வெல்டரைக் கூப்பிட்டார்.

வெல்டருக்குப் பொறி என்று பெயர். பற்றவைக்கும்போது பறப்பதைவிடப் பேசும்போது அதிகம் பறக்கும்.

“பின்னாடி அறுக்கணும்,” என்றார் நூலண்ணன். “ஒத்தை ஆள் வண்டியா பண்ணப் போறேன்.”

“அண்ணே, இப்ப பசங்க பண்றாங்களே, குனிஞ்சு ஓட்டற மாதிரி, அதுவா? அறுபதுல போற வண்டிக்கு இருநூறுல போற மூஞ்சியா? கழுதைக்குக் குதிரைச் சேணம் கட்டறேங்கறீங்க.”

“செலவு பண்ண முடியாது. இங்க கெடக்கறதை வெச்சே பண்ணணும்.”

“அது சரி. கழுதைக்குப் பழைய குதிரைச் சேணம்.”

கிண்டல் செய்தானே தவிரப் பொறி காரணம் கேட்கவில்லை. ஐந்து மாதமாக வாயைத் திறக்காத மனுஷன் ஏதோ ஒன்று வேண்டும் என்று கேட்கிறார், செய்துவிட்டுப் போவோம் என்று நினைத்திருப்பான். முதலாளியும் விடுமுறை நாளில் லேத்தையும் கழிவு இரும்பையும் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். ஆக, அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை எல்லாம் நூலண்ணன் பட்டறையில்; மகள் வீட்டில் தனியாக.

கழற்றியபிறகுதான் கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. மட்கார்டு உள்பக்கம் துருவேறிச் சல்லடையாகியிருந்தது. பாட்டரிப் பெட்டி கையோடு வந்துவிட்டது. நூலண்ணன் அலட்டிக்கொள்ளவில்லை. ஷாக்அப்சார்பர் மாட்டும் இடத்துக்கு ஒரு அங்குலம் தள்ளிக் கோடு போட்டு ஃபிரேமின் வாலை அறுத்தார். பின்னால் உட்காருகிறவர் கால் வைக்கும் கம்பிகளையும் அறுத்தார். அவற்றில் ஒன்றின் ரப்பர் குதிகால் அளவுக்குக் குழிந்திருந்தது. கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தார், ஏதாவது வருமா என்று காத்திருந்தார் என்றுகூடச் சொல்லலாம். எதுவும் வரவில்லை. கழிவுக் குவியலில் போட்டுவிட்டார்.

உடைந்த நாற்காலி ஒன்றின் பைப்பை எடுத்து, உள்ளே காய்ந்த மணலை இடித்து நிரப்பி, இரண்டு வாயையும் அடைத்துச் சூடேற்றி வளைத்தார். மணல் இருந்தால் வளைவில் பைப் நசுங்காது. அரை வட்டம் அச்சில் வார்த்ததுபோல வந்தது. பொறி அதை வாலில் பற்றவைத்தான். ஹேண்டில்பாரைக் கழற்றித் தலைகீழாகத் திருப்பி மாட்டினார்கள். பைசா செலவில்லாமல் வண்டி குனிந்துகொண்டது. கேபிள்களை வேறு வழியில் இழுத்துவிட வேண்டியிருந்தது, அதற்கே ஒரு ஞாயிறு போனது. டேங்க்கைத் தேய்த்து, யாரோ கதவுக்கு அடித்து மிச்சம் வைத்த சாம்பல் பெயின்டை அடித்தார். ஹேண்டில் முனைகளுக்குக் கழிவுப் பித்தளையில் இரண்டு குமிழ் கடைந்தார். அதை யாரும் கேட்கவில்லை, கை சும்மா இருக்கவில்லை. அந்த நேரங்களில் அவருக்குச் சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் பொய். ஆனால் அளக்கும்போது தலைக்குள் அளவு மட்டும் இருந்தது, அது போதுமாக இருந்தது.

சீட்டுக்கு அடித்தகடு ஒரு பழைய எண்ணெய்ப் பீப்பாயிலிருந்து வந்தது. முன்னிருந்து பின்வரை பதின்மூன்றரை அங்குலம். அதற்குமேல் ஒரு நூல் கிடையாது. தகட்டை வீட்டுக்குக் கொண்டுவந்தார், காரணம் ஃபோம் வீட்டில் இருந்தது. பரண் மேல் சுருட்டி வைத்த மெத்தை; மனைவி ஒன்றரை வருஷம் படுத்திருந்தது. அதைக் கீழே இறக்கி, கூடத்தில் விரித்து, தகட்டை மேலே வைத்துப் பேனாவால் சுற்றி வரைந்து, ரம்பத் தகட்டால் அறுத்தார். மகள் பள்ளிக்கூடப் பையோடு வாசலில் வந்து நின்றாள்.

“அம்மா மெத்தையாப்பா?”

“நல்ல அடர்த்தி. கடையில இந்த மாதிரி ஃபோம் கெடைக்காது.”

அது உண்மைதான். மகள் பையைக் கழற்றாமல் நின்று அவர் அறுத்து முடிக்கும்வரை பார்த்தாள். பிறகு சிந்திய துகளையெல்லாம் துடைப்பத்தால் கூட்டி அள்ளினாள், குப்பைத் தொட்டியில் போடாமல் ஒரு உறையில் போட்டாள். நூலண்ணன் அதைக் கவனிக்கவில்லை. தகடு மட்டமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

தகடும் ஃபோமும் ஒரு வாரம் வீட்டுக் கூடத்திலேயே கிடந்தன. அப்புறம் சீட்டுக்கு உறை தைக்கக் கொடுத்தார். பை, பெட்டி, சீட்டு எல்லாம் தைக்கிற ஒருவர் சந்தைக்குப் பின்னால் சின்ன அறையில் மிஷின் போட்டிருந்தார். அவர் தகட்டை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

“ஒருத்தருக்குத்தானா?”

“ஒருத்தருக்குத்தான்.”

“வீட்ல எத்தனை பேரு?”

“ரெண்டு பேரு.”

தையல்காரர் தகட்டைக் கீழே வைத்தார். “உங்க வண்டி, உங்க இஷ்டம்” என்று நூல் கண்டை எடுத்தார். அந்தக் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்லிவிட்டு ஒழுங்காகவே நடந்து வீட்டுக்கு வந்தார் நம் ஆள். கால் நூல் பிசகினால் கண்டுபிடிக்கிற மனுஷன். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள், இங்கே யானை சறுக்கி விழுந்தபிறகும் நேராக நடந்துகொண்டிருந்தது.

பரீட்சை முடிந்தது. சித்தி போன் செய்து ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னாள். “நீங்க ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறீங்க மாமா. பாப்பா வரச் சொல்லிட்டா, அதான் கிளம்பறேன். இப்பவும் நீங்க வேணாம்னா வேணாம்.” நூலண்ணன் “வாம்மா” என்றார். அந்த ஞாயிறுதான் வண்டி முடிகிற நாள். வண்டியைக் கொண்டுவந்து மகளிடம் காட்டலாம், அவள் சந்தோஷப்படுவாள், அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தார். என்ன பேசுவது என்பதை மட்டும் நினைக்கவில்லை.

கார்புரேட்டர் சரியாகி, எஞ்சின் சீராக ஓடி, அவர் வீட்டு வாசலுக்கு வரும்போது மத்தியானம் ஆகிவிட்டது. வண்டி பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் கூட வந்து பார்த்து, “அட, இது அந்தப் பழைய வண்டியா?” என்றார். சித்தி வாசலில் நின்றாள். அவளுக்குப் பின்னால் மகள் வந்தாள். கையில் ஒரு பெட்டி, தோளில் பள்ளிக்கூடப் பை.

மகள் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். பித்தளைக் குமிழைத் தொட்டுப் பார்த்தாள். சீட்டில் கை வைத்து அழுத்தினாள்.

“நல்லா இருக்குப்பா” என்றாள்.

“உக்காந்து பாரு” என்றார் நூலண்ணன்.

“உக்காந்து பார்த்துட்டேன். நீங்க தகரத்தை வீட்ல வெச்சிருந்தீங்கல்ல, அப்பவே தரையில போட்டு உக்காந்து பார்த்தேன். உங்களுக்கு எவ்வளவு எடம் வேணும், மிச்சம் எனக்கு வருமான்னு யோசிச்சேன். வரலை.” குரலில் கோபம் எதுவும் இல்லை. “அன்னிக்குத்தான் சித்தியை வரச் சொன்னேன். நீங்க வாயால சொல்லணும்னு இல்லப்பா. எனக்குப் புரிஞ்சுது.”

நூலண்ணன் சீட்டைப் பார்த்தார். மூன்று மாதமாக இழைத்த வண்டியின் சீட்டுதான். பதின்மூன்றரை அங்குலம்.

“பாப்பா, உன்னை ஒதுக்கணும்னு இதைப் பண்ணலை.” வார்த்தைகள் ஒவ்வொன்றாக வந்தன. “சத்தியமா இல்ல. உங்கம்மா எடத்தைத்தான்... உன்னைப் பத்தி நான் நினைக்கவே இல்ல.”

“அதுதாம்பா” என்றாள் மகள்.

சித்தி எங்கோ பார்த்தாள். பக்கத்து வீட்டுக்காரர் உள்ளே வேலை இருப்பதுபோலப் போய்விட்டார். சித்திதான், “பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்று மெதுவாகச் சொன்னாள்.

பஸ் நிலையம் இருபது நிமிஷ நடை. பெட்டியைச் சீட்டின் மேல் வைத்து ஒரு கையால் பிடித்துக்கொண்டு நூலண்ணன் வண்டியைத் தள்ளினார். பெட்டிக்கு அந்த இடம் சரியாக இருந்தது. மூன்று பேரும் நடந்தார்கள். சித்தி வெயிலைப் பற்றிப் பேசினாள், தன் பெண்ணைப் பற்றிப் பேசினாள், பிறகு பேசுவதை விட்டுவிட்டாள். அந்த வேகத்தடை வந்தபோது வண்டியைத் தூக்கித் தள்ள வேண்டியிருந்தது. மகள் பின்னால் வந்து கை கொடுத்தாள், இறங்கியதும் கையை எடுத்துக்கொண்டாள்.

பஸ் தயாராக நின்றது. சித்தி ஜன்னலோரம் உட்கார்ந்தாள், மகள் அவளுக்கு அந்தப் பக்கம். நூலண்ணன் பெட்டியை மேலே வைத்துவிட்டு இறங்கி வந்து வண்டிக்குப் பக்கத்தில் நின்றார். கீழிருந்து பார்க்கச் சித்தியின் முகம் தெரிந்தது, மகளின் வகிடு மட்டும் தெரிந்தது. போய்விட்டு வா என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டும். கதவைத் திறந்தால் கூடத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். சாப்டியா என்று கேட்க ஆள் இருக்காது. டிரைவர் எஞ்சினைக் கிளப்பினார்.

அப்போது அவருக்கு உள்ளே ஏதோ வந்தது. முதலில் பசி என்று நினைத்தார். பிறகு தெரிந்தது, பயம். எட்டு மாதமாக எதற்கும் வராத பயம், மனைவி மூச்சு நின்றபோதுகூட வராத பயம், ஒட்டுமொத்தமாக வந்து நின்றது.

வண்டியை ஸ்டாண்டில் போட்டார். சாவி அதிலேயே தொங்கியது. திருட நினைக்கிறவன் எடுத்துக்கொண்டு போகட்டும், எப்படியும் ஒருத்தன்தான் போக முடியும். நகர ஆரம்பித்த பஸ்ஸில் ஓடி ஏறினார்.

“உள்ள போங்க, உள்ள போங்க. எங்க போகணும்?” என்றார் கண்டக்டர்.

“அவங்க எறங்கற எடம்.”

மகள் நிமிர்ந்து பார்த்தாள். “என்னப்பா? வண்டி?”

“நிக்கட்டும்.”

“நாளைக்கு உங்களுக்கு வேலை இல்லையா?”

“இருக்கு.”

“அப்புறம்?”

நூலண்ணன் மேலே இருந்த கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். முன் சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்தது.

“இருன்னு சொல்லத் தெரியல பாப்பா எனக்கு” என்றார். “நீ இல்லாம அந்த வீட்டுக்குள்ள நுழையப் பயமா இருக்கு. அவ்வளவுதான் தெரியுது. அதான் ஏறிட்டேன்.”

சித்தி ஜன்னல் பக்கம் திரும்பி மூக்கை உறிஞ்சினாள். மகள் மடியிலிருந்த பையின் வாரை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள். பஸ் நிலையத்தை விட்டு வெளியே வந்து பெரிய சாலையில் திரும்பியது. அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒன்றும் சொல்லாமலே இருந்துவிடுவாளோ என்று அந்தப் பயம் இன்னும் கூடியது.

“நாம எப்பப்பா திரும்பி வரோம்?” என்று கேட்டாள்.

“நாளான்னிக்கு” என்றார் நூலண்ணன்.

கண்டக்டர் இன்னும் டிக்கெட்டுக்குக் கையை நீட்டிக்கொண்டு நின்றார்.